590 ரூபாய் பாக்கி, 87 புள்ளி சரிவு: வீட்டுக்கடன் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு 32 வயது. தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு கிரெடிட் கார்டு இருக்கிறது, புழங்குவது ஒன்றைத்தான். மே மாதம் அந்தக் கார்டின் பில்லைக் கடைசித் தேதி தாண்டி இரண்டு நாள் கழித்துக் கட்டினேன். இன்னொரு கார்டைத் தொட்டே இரண்டு வருஷம் இருக்கும். அதில் ஆண்டுக் கட்டணம் என்று 590 ரூபாய் பில் போட்டு, மார்ச் 5-ஆம் தேதி கெடு வைத்திருக்கிறார்கள். எஸ்.எம்.எஸ். எல்லாம் என் பழைய மொபைல் எண்ணுக்குப் போயிருக்கிறது. வசூல் பிரிவிலிருந்து என் ஆபீசுக்குப் போன் வந்தபோதுதான் எனக்கே தெரியும். அதற்குள் லேட் ஃபீ, வட்டி எல்லாம் சேர்ந்து 2,400 ரூபாயைத் தாண்டிவிட்டது. மே 14 அன்று முழுவதையும் கட்டிவிட்டேன். ஆனால் 789 ஆக இருந்த சிபில் ஸ்கோர் இப்போது 702. நானும் கணவரும் சேர்ந்து 40 லட்சம் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்க இருந்தோம். இரண்டு நாள் தாமதத்துக்கா இவ்வளவு இறக்கம்? கடனைக் கணவர் பெயரில் மட்டும் வாங்கலாமா? பேசாமல் இரண்டு கார்டையும் மூடிவிடலாமா? 15,000 ரூபாய் கொடுத்தால் ஒரே மாதத்தில் ஸ்கோரைச் சரிசெய்து தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். அவரை நம்பலாமா?

பதில்: ஏஜென்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பணம் எதுவும் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, அந்த இரண்டு நாள் தாமதம். அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் ஸ்கோரை இறக்கியது அது இல்லை. கிரெடிட் கார்டுகளுக்கென்று ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதிகளில் இதற்குத் தெளிவான வரம்பு இருக்கிறது. கெடு தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் கார்டு நிறுவனம் லேட் ஃபீ போடலாம், கடன் தகவல் நிறுவனங்களுக்கு (நம் கடன் வரலாற்றைச் சேர்த்துவைத்து ஸ்கோர் போடும் சிபில் போன்ற நிறுவனங்கள்) ‘பாக்கி’ என்று தெரிவிக்கலாம். இரண்டாம் நாளே கட்டிவிட்ட உங்கள் பெயரில் எதுவும் பதிவாகியிருக்கக் கூடாது. அப்படிப் பதிவாகியிருந்தால் அது வங்கியின் தவறு, திருத்தச் சொல்லிக் கேட்கலாம்.

இதில் இரண்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, இந்த மூன்று நாள் சலுகை வட்டிக்குப் பொருந்தாது. பில்லை முழுவதுமாகக் கெடு தேதிக்குள் கட்டினால்தான் வட்டியில்லாக் காலம் கிடைக்கும். ஒரு நாள் தாண்டினாலும் வாங்கிய பொருள்களுக்கு வட்டி விழலாம். மே மாதத்து ஸ்டேட்மென்டுக்கு அடுத்ததை எடுத்துப் பாருங்கள், ஒரு சிறு தொகை வட்டியாக வந்திருக்கலாம். இரண்டு, நான்காம் நாள் கட்டினால் ஒரு நாள் தாமதம் என்று கணக்கு வராது. எண்ணிக்கை கெடு தேதியிலிருந்தே தொடங்கும், ஆகவே நான்கு நாள் தாமதம்தான். வேறு செயலி வழியாகக் கட்டும் பணம் கார்டு கணக்குக்குப் போய்ச்சேர ஒன்றிரண்டு நாள் பிடிப்பதுண்டு. அந்த மாதிரி இடைவெளிக்கு ஒதுக்கிவைக்க வேண்டிய மூன்று நாளைச் சிலர் ‘நிஜமான கெடு தேதி’ ஆக்கிக்கொண்டுவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் சர்வர் கோளாறு வந்தால் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, 87 புள்ளி எங்கே போனது? முழுப் பழியும் அந்த 590 ரூபாயின் மேல்தான். உங்கள் கடிதத்திலிருந்தே கணக்குப் போடலாம். மார்ச் 5 கெடு. மே 14-இல் கட்டியிருக்கிறீர்கள். 70 நாள். அதாவது இரண்டு மாதத்தையும் தாண்டிவிட்டது.

சிபில் ரிப்போர்ட்டை இறக்கி எடுத்தால் ஒவ்வொரு கடன் கணக்குக்கும் கீழே மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். கடந்த 36 மாதம் வரை அதில் தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மாதம் தகவல் அனுப்பிய தேதியில் எத்தனை நாள் பாக்கி என்ற எண் இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 000 அல்லது எஸ்.டி.டி. என்று இருக்கும். வங்கி தகவலே அனுப்பாத மாதத்தில் மூன்று எக்ஸ் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. உங்கள் விஷயத்தில் மாதக் கடைசி நிலவரம் பதிவாகியிருந்தால் மார்ச் மாதத்தில் 26 என்றும், ஏப்ரலில் 56 என்றும் இருக்க வேண்டும். மே மாதத்துக்கு மறுபடி 000 வர வேண்டும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதாவது 15-ஆம் தேதியும் மாதக் கடைசித் தேதியும் உள்ள நிலவரத்தை அனுப்பியாக வேண்டும் என்று விதி வந்தது. அதற்கு முன்பு மாதத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டிருந்தது. ஆகவே நீங்கள் கட்டிய தகவல் பழைய காலத்தைவிடச் சீக்கிரம் ஏறியிருக்கும். தவறு நடந்தாலும் அதே வேகத்தில் ஏறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

‘வெறும் 590 ரூபாய்தானே’ என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. வங்கியின் கடன் பிரிவில் நான் இருந்த காலத்தில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்டவர்கள் நிறையப் பேர். ஸ்கோர் போடும் கணக்கின் நோக்கத்தைப் புரிந்துகொண்டால் கொஞ்சம் கோபம் குறையும். இந்த ஆள் அடுத்து வரும் மாதங்களில் ஏதாவது ஒரு கடனை நெடுநாள் கட்டாமல் விடுவாரா என்று ஊகிப்பதுதான் அதன் வேலை. அந்த ஊகத்துக்குத் தொகையைவிட எத்தனை நாள் நிலுவையில் இருந்தது, எவ்வளவு சமீபத்தில் நடந்தது, எத்தனை முறை நடந்தது என்பவைதான் வலுவான தடயங்கள். இயந்திரத்துக்கு உங்கள் மொபைல் எண் மாறியது தெரியாது. சமீபத்தில் இரண்டு மாதம் தொடர்ந்து பாக்கி என்று மட்டும் தெரியும். எந்த அம்சத்துக்கு எத்தனை புள்ளி என்று இந்த நிறுவனங்கள் முழுமையாக வெளியிடுவதில்லை. அதனால் ‘30 நாள் தாமதம் என்றால் இத்தனை புள்ளி போகும்’ என்று யாராவது அட்டவணை போட்டுக் காட்டினால் அதைச் சந்தேகத்தோடு பாருங்கள். ஒன்று மட்டும் பொதுவாக நடக்கும். ஸ்கோர் உயரத்தில் இருப்பவருக்குத்தான் சறுக்கல் பெரிதாக இருக்கும். ஏற்கெனவே 620-இல் இருக்கிறவருக்கு இன்னொரு பாக்கி பெரிய செய்தி இல்லை. சுத்தமான ரிப்போர்ட்டில் வந்த முதல் கறை என்பதால்தான் உங்களுக்கு இந்த அடி.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களுக்கு உதவக்கூடிய ஒரே கதவு இங்கேதான் இருக்கலாம். அந்த 590 ரூபாயை அவர்கள் உங்களிடம் கேட்டிருக்கலாமா? அந்தக் கார்டு வந்தபோது என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? ‘வாழ்நாள் இலவசம்’ என்று சொல்லியிருந்தால் அதற்கான மின்னஞ்சல், விண்ணப்பப் படிவம், கார்டோடு வந்த கட்டண விவரத் தாள், எது கிடைத்தாலும் தேடி எடுங்கள். இலவசம் என்று கொடுத்த கார்டில் மறைமுகக் கட்டணம் இருக்கக் கூடாது என்று அதே 2022 விதிகள் சொல்கின்றன. ஆதாரம் கிடைத்தால் உங்கள் நிலைமையே மாறிவிடும். அப்போது அது பாக்கியே இல்லை. தவறாகப் போட்ட பில் அது. கட்டணத்தையும் அதன் மேல் வந்த எல்லாவற்றையும் திருப்பித் தரவும், மார்ச், ஏப்ரல் பதிவுகளைத் திருத்தவும் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இன்னொன்றையும் கேட்டுவையுங்கள். ஒருவரைப் பாக்கிதாரர் என்று கடன் தகவல் நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் முன், அந்த வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. உங்களுக்கு எப்போது, எந்த முகவரிக்கு, எந்த எண்ணுக்குத் தகவல் அனுப்பினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சல் முகவரி சரியாக இருந்தும் அனுப்பாமல் விட்டிருந்தால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலம் சேரும். ஆனால் இதில் நான் பெரிய நம்பிக்கை கொடுக்க மாட்டேன். எண் மாறியதைத் தெரிவிக்க வேண்டியது கார்டு வைத்திருப்பவரின் பொறுப்பு என்று அவர்கள் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை வங்கியே மூட வேண்டாமா என்று கேட்பீர்கள். அதற்கும் விதி உண்டு. தகவல் சொல்லி, 30 நாளில் பதில் வராவிட்டால் மூட வேண்டும். ஆனால் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. உங்கள் கார்டில் ஆண்டுக் கட்டணம் பாக்கி விழுந்த பிறகு அந்த வழி அடைபட்டுப்போயிருக்கும். அதற்கு முன்பே ஓராண்டு தாண்டியிருந்தால் ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். பதில் வரட்டும்.

இலவசம் என்ற ஆதாரம் எதுவும் இல்லை, கட்டணம் நியாயமாகப் போட்டதுதான் என்றால்? அப்போதும் எழுதுங்கள், ஆனால் தொனியை மாற்றி எழுதுங்கள். பாக்கி முழுவதும் கட்டியாகிவிட்டது, இதற்கு முன் ஒருமுறைகூடத் தவறியதில்லை, லேட் ஃபீயைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்று கேளுங்கள். பல வங்கிகள் ஒருமுறை தள்ளுபடி செய்யும். ஆனால் நடந்த தாமதத்தை நடக்கவில்லை என்று பதிவை மாற்ற மாட்டார்கள். மாற்றவும் கூடாது. உங்களுக்குக் கட்டாயமாகச் செய்துகொடுக்க வேண்டியது ஒன்று உண்டு. பாக்கி தீர்ந்த தகவலை 30 நாளுக்குள் அவர்கள் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் ‘நிலுவைத் தொகை’ என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிய பிறகும் அங்கே பழைய தொகை நிற்பதுதான் நான் அடிக்கடி பார்த்த கோளாறு. வங்கி அதிகாரி முதலில் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான்.

சிபிலை மட்டும் பார்த்தால் போதாது. இந்தியாவில் இந்த வேலையைச் செய்யும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். கடன் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் நான்கிலும் உறுப்பினராக இருந்து தகவல் அனுப்ப வேண்டும். நீங்கள் போகும் வங்கி எதைப் பார்க்கும் என்று முன்கூட்டியே தெரியாது. ஒவ்வொன்றிலும் ஒரு காலண்டர் ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கோரோடு முழு ரிப்போர்ட் இலவசம். அவரவர் இணையதளத்தில் நேரடியாக எடுங்கள். விளம்பரச் செயலிகளில் காட்டும் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மாதவாரிக் கட்டங்கள் உள்ள முழு ரிப்போர்ட்தான் உங்களுக்கு வேண்டும். நாமே நம் ரிப்போர்ட்டைப் பார்த்தால் ஸ்கோர் இறங்காது. இந்தப் பயத்தில் பார்க்காமலே இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தவறு ஏதாவது இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாகப் புகார் பதியலாம், வங்கிக்கும் எழுதலாம். 30 நாளில் தீர்வு வர வேண்டும். தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் போகலாம், கட்டணம் இல்லை. கடன் தகவல் நிறுவனங்கள் மீதான புகாரும் 2022 செப்டம்பர் முதல் அங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. வங்கிக்கு எழுதி, அவர்கள் பதிலும் வராமல் 30 நாளும் ஆகாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே வங்கிக்கு எழுதிய கடிதத்தின் தேதியும் புகார் எண்ணும் பத்திரமாக இருக்கட்டும்.

இப்போது ஏஜென்ட். மேலே சொன்னதையெல்லாம் படித்த பிறகு உங்களுக்கே புரிந்திருக்கும். பதிவைத் திருத்தும் அதிகாரம் கடன் கொடுத்தவருக்கு மட்டும்தான் உண்டு. கடன் தகவல் நிறுவனம்கூடத் தானாகத் திருத்தாது, வங்கியைக் கேட்டுத்தான் திருத்தும். ஏஜென்ட் செய்யப்போவது, நீங்கள் இலவசமாகப் பதியக்கூடிய புகாரை 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பதிவதுதான். அதிலும் சிலர் சரியான பதிவுகள் உட்பட எல்லாவற்றின் மீதும் கண்ணை மூடிக்கொண்டு புகார் போட்டுவிடுவார்கள். ‘ஆட்சேபத்தில் உள்ளது’ என்ற குறிப்போடு ரிப்போர்ட் வந்தால் வீட்டுக்கடன் ஃபைல் அங்கேயே நின்றுவிடும் அபாயம் உண்டு. போதாததற்கு உங்கள் பான் எண், ஓ.டி.பி., லாகின் விவரம் எல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகும்.

வீட்டுக்கடன் கிடைக்குமா என்றால், கிடைக்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. இத்தனைக்குக் கீழே இருந்தால் கடன் இல்லை என்று ரிசர்வ் வங்கி எந்த எண்ணையும் நிர்ணயிக்கவில்லை. ஒவ்வொரு வங்கியும் தனக்கென்று கோடு போட்டுக்கொள்கிறது. 702 என்பது கதவைச் சாத்தும் எண் இல்லை. ஆனால் வட்டியில் வித்தியாசம் வரலாம். பல வங்கிகள் ஸ்கோரை அடுக்கடுக்காகப் பிரித்து வட்டி வைக்கின்றன. உங்கள் 40 லட்சத்துக்கு 20 வருஷத் தவணை என்று வைத்துக்கொள்வோம். 8.5 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 34,713 ரூபாய். 8.75 சதவீதம் என்றால் சுமார் 35,348. மாதம் 635 ரூபாய் சொச்சம் கூடுதல். கடைசி வரை அப்படியே ஓடினால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். 590 ரூபாய்க் கட்டணம் எப்படிக் குட்டி போடுகிறது பாருங்கள்.

அதனால் என் யோசனை இதுதான். வீடு இன்னும் முடிவாகவில்லை, அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் ஆறு மாதம் பொறுங்கள். அந்த ஆறு மாதமும் ஒரு பில்கூடத் தவறாமல் கட்டுங்கள். மாதவாரிக் கட்டத்தில் அந்த 26-உம் 56-உம் அப்படியே இருக்கும், ஆனால் அவற்றுக்குப் பிறகு வரிசையாகப் பூஜ்யங்கள் சேரச் சேர அவற்றின் கனம் குறைந்துகொண்டே போகும். பழைய 789-க்கு எந்த மாதம் திரும்பும் என்று தேதி குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஏற்றம் இறக்கத்தைவிட மெதுவாகத்தான் இருக்கும். இந்தக் காலத்தில் கார்டு லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவை வைத்துக்கொண்டால் நல்லது. ஒரு லட்சம் லிமிட் என்றால் ஸ்டேட்மென்ட் போடும் நாளில் 30,000 ரூபாய்க்கு மேல் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய செலவு வந்தால் ஸ்டேட்மென்டுக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடலாம்.

வீடு முடிவாகிவிட்டது, காத்திருக்க முடியாது என்றால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். ஆனால் நாலைந்து வங்கியில் ஒரே நேரத்தில் போட வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி ரிப்போர்ட் எடுக்கும், அந்த விசாரணை பதிவாகும், குறுகிய காலத்தில் வரிசையாக விழுந்தால் ஸ்கோர் இன்னும் இறங்கும். முதலில் வாயால் விசாரித்து, ஒன்று அல்லது இரண்டு வங்கியைத் தேர்ந்தெடுங்கள். விண்ணப்பத்தோடு ஒரு பக்க விளக்கக் கடிதம் வையுங்கள்: இது ஆண்டுக் கட்டணத்தால் வந்த பாக்கி, தொகை 590 ரூபாய், மொபைல் எண் மாறியதால் தெரியவில்லை, இந்தத் தேதியில் முழுவதும் கட்டியாகிவிட்டது. கூடவே அந்த ஸ்டேட்மென்ட், பணம் கட்டிய ரசீது, பாக்கி இல்லை என்று கார்டு நிறுவனம் தரும் கடிதம். ஸ்கோர் போடும் கணக்கு தொகையைப் பெரிதாகப் பார்க்காது என்றேன் அல்லவா? ஃபைலைப் படிக்கும் அதிகாரி பார்ப்பார். இரண்டு வருஷமாகச் செலவே செய்யாத கார்டில் 590 ரூபாய் நின்றதற்கும், மூன்று லட்சம் செலவு செய்துவிட்டுக் கட்டாமல் விட்டதற்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும். அவர் தன் குறிப்பில் எழுதிக்கொள்ள ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான். அதை அவர் கேட்கும் முன் நீங்களே கொடுத்துவிடுங்கள். கேட்ட பிறகு கொடுத்தால் மறைத்த மாதிரி தோன்றும்.

கணவர் பெயரில் மட்டும் கடன் என்பதை நான் அவ்வளவாக விரும்பவில்லை. உங்கள் சம்பளம் கணக்கில் வராததால் 40 லட்சம் கிடைக்குமா என்பதே சந்தேகமாகிவிடும். வீட்டில் உங்கள் பெயரும் இருக்கப்போகிறது என்றால் உங்களையும் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்க்கச் சொல்லித்தான் பெரும்பாலான வங்கிகள் கேட்கும். சேர்ந்து போட்டால் யாருடைய ஸ்கோரை வைத்து வட்டி முடிவாகும் என்பது வங்கிக்கு வங்கி மாறும். வாயால் விசாரிக்கும்போது இதையும் கேளுங்கள். அப்புறம், ஸ்கோர் நன்றாக ஏறிய பிறகு வட்டியைக் குறைக்கச் சொல்லி அதே வங்கியிடமே கேட்கலாம், கேட்காமல் யாரும் குறைக்க மாட்டார்கள்.

கார்டை மூடுவது பற்றி. இப்போது வேண்டாம். மூடினால் கறை அழியாது. கடன் தகவல் நிறுவனங்கள் விவரங்களைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்ட விதி, மூடிய கணக்கும் அதே கட்டங்களோடு ரிப்போர்ட்டில் நிற்கும். மாறாக, மொத்த லிமிட் குறைந்து, அதே செலவுக்கு உங்கள் பயன்பாட்டு விகிதம், அதாவது மொத்த லிமிட்டில் நீங்கள் செலவு செய்யும் பங்கு, ஏறிவிடும். புழங்கும் கார்டை மூடினால் நல்ல பதிவுகள் சேரும் இடமும் போய்விடும். புழங்காத கார்டுக்கு, கட்டணம் இல்லாத வகைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வீட்டுக்கடன் கைக்கு வந்த பிறகு மூடிவிடுங்கள். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லிக் கேட்டால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். மூடியதற்கான கடிதத்தையும் வாங்கிவையுங்கள். கத்திரிக்கோலால் வெட்டிப் போட்டுவிட்டால் கார்டு மூடியதாக ஆகாது. இதை நம்பி ஆண்டுக் கட்டணத்தில் மாட்டியவர்கள் உங்களைப் போலவே ஏராளம்.

உங்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை, ஆனால் இதைப் படிக்கும் வேறு சிலருக்கு இருக்கும் என்பதால் ஒரு வார்த்தை. கையில் பணமே இல்லாத மாதம் வந்தால் பில்லில் உள்ள குறைந்தபட்சத் தொகையையாவது கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். அதைக் கட்டினால் பாக்கி என்று பதிவாகாது. வட்டி மட்டும் பல கார்டுகளில் மாதத்துக்கு 3 முதல் 3.75 சதவீதம், வருஷத்துக்கு 36 முதல் 45 சதவீதம் என்பதை மறக்க வேண்டாம். ஒரு மாத அவசரத்துக்குத்தான் அது சரிப்படும். அந்தக் குறைந்தபட்சத் தொகையும் 90 நாளுக்குள் கட்டப்படாவிட்டால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அந்த நிலையில் ‘பாதி கட்டுங்கள், முடித்துவிடலாம்’ என்று வசூல் பிரிவு பேசும். அப்படி முடித்தால் ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ என்று விழும். அது ‘குளோஸ்டு’ போல இல்லை, முழுவதும் கட்டவில்லை என்று அடுத்த வங்கிக்குச் சொல்லும். வேறு வழியே இல்லாதவர்கள்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். அதற்கு முன்பு பெரிய பாக்கியைத் தவணையாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், வட்டி பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. எல்லா வங்கியிலும், எல்லாக் கார்டிலும் புது மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் இந்த வாரமே மாற்றுங்கள். பழைய எண் இப்போது வேறு யாரிடமாவது இருக்கலாம், உங்கள் ஓ.டி.பி. அங்கே போவது ஸ்கோரைவிடப் பெரிய ஆபத்து. வங்கி பாக்கித் தகவலை அனுப்பும்போதும், யாராவது உங்கள் ரிப்போர்ட்டை எடுக்கும்போதும் எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சல் வர வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. எண் சரியாக இருந்தால்தானே அது பயன்படும். இரண்டு கார்டுக்கும் சம்பளக் கணக்கிலிருந்து முழுத் தொகைக்கு ஆட்டோ டெபிட் போடுங்கள். கெடு தேதி சம்பளத்துக்கு முன்னால் விழுகிறது என்றால் பில் சுழற்சியை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒருமுறையாவது மாற்றித் தர வேண்டும் என்பதும் விதிதான். அந்த மே மாத இரண்டு நாள் தாமதத்துக்கு அதுதான் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்படியே உங்கள் கணவரின் ரிப்போர்ட்டையும் நான்கு இடத்திலும் எடுத்துப் பாருங்கள். நண்பர் யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கடனும் அவர் பெயரில் தெரியும், நண்பர் தவணை தவறியிருந்தால் அதுவும் தெரியும். வங்கி கண்டுபிடிக்கும் முன் நீங்கள் இருவரும் அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.